செங்கடலின் தென்வாசல்

அரபிக்கடலில் 2000 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வெப்பமானியை இறக்கினால், மேலே எத்தகைய கோடை கொளுத்தினாலும், அது ஏறத்தாழ 3 பாகை செல்சியஸையே காட்டும். துருவப் பிரதேசங்களில் குளிர்ந்து அமிழ்ந்த நீர் பல நூறு ஆண்டுகளாக மெல்லத் தவழ்ந்து வந்து உலகத்துச் சமுத்திரங்களின் அடித்தளத்தையெல்லாம் நிரப்பியிருப்பதே அதற்குக் காரணம். ஆனால் அதே அரபிக்கடலின் மேற்கே, ஏடன் வளைகுடாவைக் கடந்து, ஒரு குறுகிய ஜலசந்திக்கு அப்பால் நீண்டு கிடக்கும் செங்கடலில் அதே ஆழத்துக்கு அதே கருவியை இறக்கினால், அது காட்டும் உஷ்ணம் 21.6 பாகை. 300 மீட்டரில் என்ன வெப்பமோ, 2000 மீட்டரிலும் அதேதான். உவர்ப்பும் அவ்வாறே, ஆயிரத்துக்கு 40.6 பங்கு என அந்த ஆழத்திலிருந்து அடிவரை மாறாமல் நிற்கிறது. பூமியின் வெப்ப மண்டலத்தில் இத்துணை ஆழமும் இத்துணை வெதுவெதுப்பும் ஒருங்கே அமைந்த கடல் மற்றொன்றைக் காண்பது அரிது.

இந்த விசித்திரத்தின் திறவுகோல் தெற்கே, பாப்-எல்-மாண்டெப் ஜலசந்தியின் அருகில் இருக்கிறது. செங்கடலின் நீளம் சுமார் 2000 கிலோமீட்டர். அகலம், மிக அகன்ற இடத்திலும், 355 கிலோமீட்டரைத் தாண்டாது. நடுவே ஓடும் பள்ளமோ 2700 மீட்டருக்கும் கீழே போகிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மகாசமுத்திரத்தோடு கலப்பதற்கு இருக்கும் இயற்கையான வழி, ஏமனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையில், பெரிம் தீவினால் இரண்டாகப் பிளக்கப்பட்டு, 30 கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்தில் அமைந்த அந்த ஒரு வாசலே. அதற்கும் சற்று வடக்கே, ஹனீஷ் தீவுகளுக்கு அருகே, கடலடி மேடாக உயர்ந்து 137 மீட்டர் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. அந்த மேட்டைத் தாண்ட இயலாமல் சமுத்திரத்தின் குளிர்ந்த ஆழ்நீர் வெளியிலேயே நின்றுவிடுவதால்தான், செங்கடல் தன் ஆழத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வடக்கே 1869-ல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் வாணிகத்துக்குப் பெரியது. நீர்ப் பரிமாற்றத்தின் கணக்கில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வற்றாத ஆறு ஒன்றுகூட இக்கடலில் கலப்பதில்லை. மழை அருகிப் பெய்கிறது. இருபுறமும் பாலைவனம், மேலே ஈரமற்ற காற்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள நீர் இதன் பரப்பிலிருந்து ஆவியாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், 4.4 லட்சம் சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள கடலுக்கு அது 880 கன கிலோமீட்டர் நீராகும். நீர் போகிறது, உப்பு தங்குகிறது. போன நீரை ஈடுசெய்யத் தென்வாசல் வழியாகப் புது நீர் வருகிறது, அதுவும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இப்படி வந்துகொண்டே இருந்து, வெளியே போக வழியும் இல்லையென்றால், காலப்போக்கில் செங்கடல் முழுவதும் உப்பளத்துப் பாத்தியைப் போல உறைந்துபோயிருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை என்ற ஒரே ஆதாரத்தைக் கொண்டு, மேற்பரப்பில் உள்ளே வரும் பிரவாகத்துக்கு அடியில், கனத்த உப்புநீர் வெளியே ஓடும் மற்றொரு பிரவாகம் இருந்தே தீரவேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபோன்டேன் மாரி 1855-ல் வெளியிட்ட தம் கடற்பூகோள நூலில் வாதித்தார். கண்ணால் காணாத ஒன்றை யுக்தியால் நிலைநாட்டிய அந்த வாதம், கடலாராய்ச்சியின் தொடக்க காலத்து அழகுகளில் ஒன்று.

பின்னர் வந்தவர்கள் அதை அளந்து காட்டினார்கள். ரஷ்யாவின் மகாரோவ் தம் வித்யாஸ் கப்பலில் வந்து ஜலசந்தியில் அளவெடுத்தார். ஆஸ்திரியாவின் போலா கப்பல் 1890-களில் கடல் முழுவதையும் ஆராய்ந்தது. 1933-34-ல் எகிப்தின் மபாஹிஸ் என்ற சிறு கப்பல், முன்னர் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராயிருந்த சீமோர் சூவலின் தலைமையில், செங்கடலையும் அரபிக்கடலையும் சுற்றிவந்தது. ஆண்டு முழுவதும் ஜலசந்தியின் நீரில் கருவிகளை நிறுத்தி அளக்கும் பணி 1995-96-ல்தான் கைகூடியது. ஸ்டீஃபன் மர்ரேயும் வில்லியம் ஜான்ஸும் செய்த அந்த அளவையின்படி, வெளியேறும் கனத்த நீர் ஆண்டுச் சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 3.6 லட்சம் கன மீட்டர். உலகின் ஆறுகளிலெல்லாம் பெரிய அமேசானே விநாடிக்கு 2 லட்சம் கன மீட்டரையொட்டித்தான் கடலில் சேர்க்கிறது என்பதை நினைத்தால், அந்தக் குறுகிய வாசலின் அடியில் ஓசையின்றி ஓடும் பிரவாகத்தின் பெருமை விளங்கும். உள்ளே வரும் நீர் ஆயிரத்துக்கு சுமார் 36.5 பங்கு உப்போடு வருகிறது. வெளியேறும்போது 40-ஐ ஒட்டி இருக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு நீர் ஆவியாகிவிட, எஞ்சிய பதினொரு பங்கு முழு உப்பையும் சுமந்துகொண்டு திரும்புகிறது என்று சொன்னால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

ஆயினும் ஆண்டு முழுவதும் இந்தப் பரிமாற்றம் ஒரே சீராக நடப்பதில்லை. இங்கேதான் நம்முடைய பருவக்காற்று அக்கடலின் கதைக்குள் நுழைகிறது. வாடைக்காலத்தில், வடகிழக்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கடந்து ஏடன் வளைகுடாவுக்குள் புகுந்து, இருபுற மலைகளுக்கிடையே நெருக்குண்டு, செங்கடலின் தென்பாதியில் தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. அது மேல்நீரை உள்ளே தள்ள, அடிநீர் வெளியே பாய்கிறது. வெளியேற்றம் அப்போது விநாடிக்கு 6 லட்சம் கன மீட்டர் அளவுக்குப் பெருகுகிறது. வடக்கிலிருந்து ஓயாது வீசும் வடமேற்குக் காற்று அட்சரேகை 18 முதல் 20 பாகைக்குள் இந்தத் தென்காற்றை எதிர்கொள்ள, இரண்டும் முட்டிக்கொள்ளும் அப்பிரதேசத்தில் காற்று ஓய்ந்து மேகம் கூடும். ஜூன் மாதம் பிறந்து தென்மேற்குப் பருவம் தலையெடுத்தவுடன் எல்லாம் தலைகீழாகிறது. கடலின் முழு நீளத்திலும் வடமேற்குக் காற்றே ஆட்சிசெய்ய, மேல்நீர் ஜலசந்தி வழியாக வெளியே தள்ளப்படுகிறது. செங்கடலின் மட்டமும் வாடைக்காலத்தைவிடத் தாழ்ந்துவிடுகிறது.

ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஜலசந்தியில் ஒரு கப்பலை நிறுத்தி, வெப்பத்தையும் உவர்ப்பையும் அளக்கும் கருவியைக் கம்பியில் கட்டி மெல்ல இறக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் சில பத்து மீட்டர்கள் வரை 30 பாகையையும் தாண்டிய வெந்நீர். அது தெற்கு நோக்கி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கருவி இன்னும் கொஞ்சம் இறங்கியதும், மேலிருந்ததைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிர்ந்த, உவர்ப்புக் குறைந்த நீர் எதிர்ப்படுகிறது. இது வடக்கு நோக்கி உள்ளே வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றினால் ஏடன் வளைகுடாவின் மேல்நீர் விலக, அதன் அடியிலிருந்து எழும்பி வந்த நீர் இது. அதற்கும் கீழே, அடித்தரையை ஒட்டி, வெப்பமும் உப்பும் மீண்டும் ஏறுகின்றன. செங்கடலின் ஆழ்நீர், மாரிக்காலத்து வேகமெல்லாம் அடங்கி, மெலிந்த ஓடையாக வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. நூற்றுச் சொச்சம் மீட்டர் ஆழத்துக்குள் மூன்று அடுக்குகள். மேலும் கீழும் உள்ளவை தெற்கே போக, நடுவிலுள்ளது வடக்கே வருகிறது. அந்த நடு அடுக்கு கொண்டுவரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான், ஆறுகளின் வண்டலை அறியாத அக்கடலுக்குப் பெரும் போஷாக்கு.

கனத்த நீர் பிறக்கும் இடம் வடகோடி. மாரிக்காலத்தில், சூயஸ் வளைகுடாவின் ஆழமற்ற நீர், ஏற்கெனவே உப்பேறியிருக்கும்போது, சைனாய்ப் பாலைவனத்தின் குளிர்காற்றும் பட்டு அடர்த்தி மிகுந்து, சரிவு வழியே இறங்கிச் செங்கடலின் பள்ளத்தை நிரப்புகிறது. அகபா வளைகுடாவும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒரு மூலையில் பிறந்து, ஆழத்தில் இறங்கி, 2000 கிலோமீட்டர் பயணம் செய்து, தெற்கே மேட்டைத் தாண்டி வெளியேறும் இந்நீரின் பாதையைப் படத்தில் ஒரு நேர்க்கோடாக வரைந்துவிடலாம். நெடுங்காலம் அப்படித்தான் வரைந்துவந்தார்கள்.

அந்த நேர்க்கோட்டைக் கலைத்தவை சுழல்கள். 1993-ல் குவாட்ஃபாசெல், பவுட்னர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர், அவ்வழியே போன கப்பல்களிலிருந்து எறியப்பட்ட வெப்பமளக்கும் குழல்களின் பதிவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, செங்கடலின் நீளவாக்கில் வரிசையாகப் பெருஞ்சுழல்கள் அமைந்திருப்பதைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் 100 முதல் 200 கிலோமீட்டர் வரை குறுக்களவு கொண்டது. கடலின் அகலமே அதையொத்ததாகையால், ஒரு சுழலின் ஒரு விளிம்பு ஆப்பிரிக்கக் கரையையும் மறு விளிம்பு அரேபியக் கரையையும் தடவிச் செல்வதுண்டு. வலஞ்சுழியாகச் சுற்றுபவற்றின் நடுவில் கடல்மட்டம் சற்றே உயர்ந்து, வெதுவெதுப்பான மேல்நீர் ஆழத்துக்கு அமிழ்ந்திருக்கும். இடஞ்சுழியாகச் சுற்றுபவற்றின் நடுவில் மட்டம் தாழ்ந்து, சத்து நிறைந்த ஆழ்நீர் மேலெழும்பும். மட்டத்தின் இந்த ஏற்றத்தாழ்வு சில அங்குலங்களே. ஆயினும் 1992 முதல் வானிலிருந்து ரேடார் அலைகளால் கடல்மட்டத்தை அளந்துவரும் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துவிடுகின்றன. 2013-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சரல் என்னும் இந்திய-பிரெஞ்சுக் கோளும் அப்பணியில் ஈடுபட்டதுதான்.

சுழல் எவ்வாறு பிறக்கிறது என்பதற்குக் கண்கூடான உதாரணம் சூடான் கரையில் இருக்கிறது. அங்கே, டோகார் என்ற ஊருக்கருகில், செங்கடலோரத்து மலைத்தொடர் ஓரிடத்தில் அறுபட்டு ஒரு கணவாயாகத் திறக்கிறது. கோடையில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், உள்நாட்டுப் பாலைவனத்தின் காற்றெல்லாம் அவ்வழியே திரண்டு, மணலை வாரிக்கொண்டு கடல்மேல் பாய்கிறது. வானிலிருந்து எடுத்த படங்களில், மஞ்சள் புழுதி ஒரு பட்டையாகச் சூடானிலிருந்து அரேபியாவை நோக்கிக் கடலைக் குறுக்கறுத்துச் செல்வதைத் தெளிவாகக் காணலாம். காற்று கிழக்கு நோக்கி வீச, பூமியின் சுழற்சியால் மேல்நீர் அதன் வலப்பக்கமாகத் தெற்கே ஒதுங்குகிறது. அதனால் காற்றுப்பட்டைக்குத் தெற்கே நீர் குவிந்து வலஞ்சுழியும், வடக்கே நீர் குறைந்து இடஞ்சுழியும் எழுந்து, இரண்டும் பக்கத்தில் பக்கமாகக் கடலின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு சுற்றுகின்றன. காற்று ஓய்ந்து பல வாரங்கள் ஆன பிறகும் இவை நீங்காமல் நிற்பதுண்டு. ஒரு மலைக்கணவாயின் இடைவெளி, கடலின் நடுவே நூறு கிலோமீட்டர் அகலமுள்ள இரட்டைச் சுழலாக உருவெடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவற்றின் பயனும் பெரியது. தெற்கே ஜலசந்தி வழியாக வந்த சத்துநீரை வடக்கே இழுத்துச் செல்பவையும், ஒரு கரையின் பவளப்பாறையில் பிறந்த மீன்குஞ்சுகளையும் பவளத்தின் நுண்ணிய குஞ்சுகளையும் மறுகரைக்குக் கடத்துபவையும் இச்சுழல்களே. கடற்பரப்பில் பச்சையத்தின் நிறத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள், சுழலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒரு பச்சை இழை கரையிலிருந்து நடுக்கடலுக்கு வளைந்து செல்வதைக் காட்டியிருக்கின்றன. நீர் தெளிந்து சத்துக் குறைந்த நடுக்கடலுக்கு அந்த இழை வந்தால்தான் உணவு.

வாசலுக்கு வெளியே போன நீரின் கதையும் சுழல்களின் கதைதான். மேட்டைத் தாண்டி ஏடன் வளைகுடாவின் சரிவில் இறங்கும் உப்புநீர், வழியில் குளிர்ந்த நீரோடு கலந்து, 400 முதல் 800 மீட்டர் ஆழத்தில் தன் எடைக்கு ஒத்த இடத்தை அடைந்து பக்கவாட்டில் பரவுகிறது. 2001-ல் அந்நீரைப் பின்தொடர்ந்து ஆழத்தில் மிதக்கும் கருவிகளை விட்ட ஆராய்ச்சிக் குழுவில் முன்னின்றவர் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏமி பவர். இளமையிலேயே பார்வை மங்கத் தொடங்கியும் கடல்மேல் போய் ஆராய்வதைக் கைவிடாத அந்த அம்மையார், வளைகுடாவை நிறைத்து நிற்கும் பெருஞ்சுழல்கள் செங்கடல் நீரைப் பிடித்து அங்குமிங்கும் அலைத்துக் கலப்பதைத் தம் சகாக்களோடு எடுத்துக்காட்டினார். அங்கிருந்து கிளம்பி இந்து மகாசமுத்திரத்தின் இடைநீரில் கலக்கும் அந்த உப்பின் சாயலை, மொசாம்பிக் கால்வாயைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஓடும் அகுலாஸ் பிரவாகம் வரை கண்டிருக்கிறார்கள்.

இந்தக் காற்றையும் நீரையும் விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் முன்பே நம்பி வாழ்ந்தவர்கள் உண்டு. எகிப்தின் மன்னன் இரண்டாம் தாலமி பிலடெல்பஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், வடக்கே சூயஸ் முனையில் துறைமுகம் இருக்கையிலும், தெற்கே தொலைவில் பெரனிகேயை நிறுவியதற்கு, வடபாதியில் ஆண்டு முழுவதும் முகத்தில் அறையும் வடமேற்குக் காற்றே காரணம். கப்பல் அதை எதிர்த்து வருந்துவதைவிடச் சரக்கை இறக்கி ஒட்டகத்தில் ஏற்றி நைல் நதிக்குக் கொண்டுசெல்வது எளிது. ஜூலையில் அதே வடகாற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஜலசந்திக்கு வெளியே வந்து, தென்மேற்குப் பருவத்தில் முசிறிக்குப் போன கப்பல்கள், வாடைக்காற்றில் மிளகோடு திரும்பிச் செங்கடலுக்குள் நுழைந்தபோது, மேல்நீரை உள்ளே தள்ளும் அதே தென்காற்று அவற்றையும் உள்ளே தள்ளியது. எஞ்சிய தொலைவுக்கு மட்டும் மாலுமிகள் எதிர்க்காற்றோடு போராடினார்கள். பெரனிகேயின் கோயில் ஒன்றில் ஒரு பெரிய இந்தியச் சாடி நிறைய, ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அங்கும், அதற்கு வடக்கே குசேர்-அல்-கதீமிலும் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. நம் முன்னோர் சிலர் அக்கரையில் வாழ்ந்து, அந்தக் காற்றுத் திரும்பும் மாதத்துக்காகக் காத்திருந்தார்கள்.

வாசல் இவ்வளவு சிறிதாக இருப்பதன் விளைவு எத்தகையது என்பதைப் பனியுகம் காட்டிற்று. 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக உறைந்து கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோது, 137 மீட்டர் ஆழமுள்ள ஹனீஷ் மேட்டின்மேல் மிகச் சொற்பமான நீரே எஞ்சியது. பரிமாற்றம் நலிந்தது, செங்கடலின் உவர்ப்பு ஆயிரத்துக்கு 50 பங்கையும் தாண்டியது, மேல்நீரில் மிதந்து வாழும் சுண்ணாம்பு ஓட்டு நுண்ணுயிர்களின் பல இனங்கள் அற்றுப்போயின. அக்கால வண்டலில் அவற்றின் ஓடுகள் காணாமற்போவதே சான்று. மார்க் சிடாலும் ஈல்கோ ரோலிங்கும் அவர்களுடைய சகாக்களும் 2003-ல் இதையே ஒரு கருவியாக மாற்றினார்கள்: கடல்மட்டம் சற்றே மாறினாலும் செங்கடலின் உவர்ப்பு பெரிதாக மாறும், உவர்ப்பு மாறினால் ஓடுகளில் படியும் கனத்த ஆக்சிஜனுக்கும் இலேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதமும் மாறும், ஆகவே அவ்வோடுகளை வரிசையாக ஆராய்ந்தால் உலகத்தின் பழைய கடல்மட்டத்தை வாசிக்கலாம் என்று காட்டினார்கள். பல லட்சம் ஆண்டுகளின் கடல்மட்டச் சரித்திரம் இவ்வாறு ஒரு குறுகிய ஜலசந்தியின் உபயத்தால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

வடசெங்கடலின் பவளங்கள் வெப்பத்தை அதிகமாகத் தாங்குவதற்கும் இந்த வாசலே காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. பனியுகத்துக்குப் பின் தெற்கிலிருந்து குடியேறிய பவளங்கள், மிக வெப்பமான தென்பாதியைக் கடந்தே வடக்கை அடைந்திருக்க வேண்டுமாகையால், வெப்பம் தாங்கியவை மட்டுமே பிழைத்து வந்து சேர்ந்தன என்பது அக்கருத்து. அகபா வளைகுடாவின் பவளங்கள் தம் வழக்கமான கோடை உஷ்ணத்துக்கு மேலும் பல பாகைகளைத் தாங்குவது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. உலகெங்கும் பவளம் வெளுத்து மடியும் இக்காலத்தில், இதை ஒரு பொக்கிஷமென்றே கருத வேண்டும்.

அந்தப் பொக்கிஷத்துக்கு அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. கரையோர நகரங்களுக்குக் குடிநீர் தரும் ஆலைகள் கழிக்கும் உப்புநீர், கடல் முழுவதின் ஆவியாதலோடு ஒப்பிட்டால் அற்பமே. எனினும் அது விழும் இடத்துப் பாறைகளுக்கு அற்பமன்று. எண்ணெய் அதைவிடக் கொடியது. ஏமனின் ஹொடைடா கரைக்கு வடக்கே, ராஸ் ஈசா அருகில், 11 லட்சத்துக்கும் அதிகமான பீப்பாய் கச்சா எண்ணெயோடு சேஃபர் என்ற பழைய கப்பல் பல ஆண்டுகள் பராமரிப்பின்றித் துருப்பிடித்துக் கிடந்தது. அது மாரியில் உடைந்திருந்தால் மேல்நீரோடு எண்ணெய் வடக்கே பவளப்பாறைகளை நோக்கிப் போயிருக்கும். கோடையில் உடைந்திருந்தால் தெற்கே ஜலசந்தியை நோக்கி இறங்கியிருக்கும். இரு பருவங்களிலும் வழியில் எந்தச் சுழலில் சிக்குகிறதோ அதன் கரைகளிரண்டும் பாழாகியிருக்கும். நல்லவேளையாக, 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபை அந்த எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றி முடித்தது. அடுத்த ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், ஏவுகணையால் தாக்கப்பட்ட ரூபிமார் என்ற சரக்குக்கப்பல், சுமார் 21,000 டன் உரத்தோடு தென்செங்கடலில் மூழ்கியது. செங்கடலின் கொள்ளளவை வெளியேற்றத்தின் சராசரியால் வகுத்தால், நீர் முழுவதும் ஒருமுறை மாற ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். ஆழத்து நீருக்கு அதைவிட அதிகக் காலம் பிடிக்கலாம். இக்கடலில் விழுந்தது எளிதில் வெளியேறாது.

ஆகவே அந்த வாசலில் என்ன புகுகிறது, என்ன போகிறது என்பதைப் பருவந்தோறும் இடைவிடாமல் அளந்துகொண்டிருப்பது அத்தியாவசியம். ஓராண்டு அளவையை வைத்துக்கொண்டு, வெப்பமேறிவரும் ஒரு கடலின் எதிர்காலத்தைக் கணிக்க இயலாது. பருவக்காற்று சற்றே வலுவிழந்தாலும் நடு அடுக்கில் வரும் சத்துநீர் குறையும், அதனால் வடக்கே மீனும் பவளமும் எவ்வளவு நலியும் என்பதற்கு வாசலின் கணக்கைத் தவிர வேறு முன்னறிவிப்பு நமக்கில்லை. எகிப்து, சூடான், எரித்ரியா, ஜிபூட்டி, ஏமன், சவூதி அரேபியா, ஜோர்டான், இஸ்ரேல் ஆகிய எட்டு நாடுகளும், தம்முள் எத்தனை பகை இருந்தாலும், பாப்-எல்-மாண்டெபின் நீரில் நிலையான அளவைக் கருவிகளை நிறுத்தவும், அவை தரும் விவரங்களை எல்லோருக்கும் திறந்துவைக்கவும் உடன்பட வேண்டும். அதே பருவக்காற்றை நம்பி உழவு செய்யும் இந்தியா, தன் கப்பல்களோடும் கோள்களோடும் அப்பணியில் முன்வந்து தோள்கொடுக்க வேண்டும்.